கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

கணினித் திரைக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவி, கதவோர முக்காலியில் அணுக்களை முடுக்கி மோதவிடும் இயந்திரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர், சுவரோடு ஒட்டிய நாற்காலியில் குழுத்தலைவியான அவள்... மூன்றே பேர், திறந்த பெட்டி காலி. பெட்டி என்றால் வரைபடத்தில் அவள் போட்ட கட்டம்தான். வெடிக்கும் நட்சத்திரத்தில் சோடியம் அணு ஒரு புரோட்டானை விழுங்குவது போல இங்கேயும் விழுங்கினால் அதன் தடயம் இந்தக் கோடுகளுக்குள் விழவேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து, ஆசை கண்ணை மறைக்கக்கூடாதென்று மூடிவைத்து, கடைசியில்தான் திறப்பார்கள், திறந்தபின் கோட்டைத் தொடக்கூடாது... உள்ளே ஒன்றுமில்லை. வெளியே, கோட்டை உரசிக்கொண்டு, ஒரே ஒரு புள்ளி. அது உள்ளே இருந்திருந்தால் இந்தப் பெண்ணுக்குப் பட்டம், குழுவுக்கு இன்னொரு வருஷம் இயந்திரம். இல்லையென்றால் இயந்திரம் வேறு ஆட்களுக்கு, மேலிடம் சொல்லியே விட்டது. "கோடு நாம போட்டதுதானே மேடம், மயிரிழை நகர்த்தினா நட்சத்திரம் வந்து கேஸ் போடப்போகுதா?" என்றார் ஆபரேட்டர். "சும்மா இருங்கண்ணே, அக்காவைக் குழப்பாதீங்க," மாணவி திரும்பாமலே சொன்னாள், ஆனால் அந்தக் குரலில் ஒட்டியிருந்த நப்பாசை, அது மட்டும் இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

தன் அறைக்கு வந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள், பேனா நகரவில்லை. அப்பாவின் எக்ஸ்ரேயில் இப்படித்தான் ஓரமாக ஒரு புள்ளி, படத்துல தூசி விழுந்திருக்கும் என்றார் டாக்டர், தூசி தூசி என்று வீடு முழுக்க எத்தனை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டோம், தூசியாக இல்லையே அது... இதுவும் நிஜமாக இருக்கலாம், இருக்கலாம் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? எழுதினாள்: பெட்டிக்குள் நிகழ்வு ஏதுமில்லை, வெளியே ஒன்று, கணக்கில் சேர்க்கவில்லை.

"எழுதிட்டீங்களாக்கா?" கதவில் மாணவி.

"ம். அந்தப் புள்ளியையும் சொல்லியிருக்கேன். சேர்க்கலை."

மாணவி கையை நீட்டினாள், "குடுங்க, நானே தபால்ல போட்டுட்டு வரேன்." உறையை ஒட்டி, விரலால் இரண்டு தரம் அழுத்திக் கொடுத்தபோதுதான் உறைத்தது, கோடு போட்ட அன்று இவள் கேட்டாளே, இவ்வளவு இறுக்கமா வேணுமாக்கா என்று, வேணும் என்றேனே... பொய்ப் புள்ளி உள்ளே வந்துவிடும் என்று பயந்தா, நிஜமே வந்து நின்றாலும் எனக்கு நம்பத் தெரியாது என்றா? ஜன்னல் வழியே பார்த்தாள், மாணவி தெருவைக் கடந்து, தபால்பெட்டி முன் கொஞ்சம் நின்று, உள்ளே போட்டாள்.