ஓட்டை போடாத டின்

மலாயாவில் அவசரகாலம் நடந்த வருஷங்களில், மலாக்கா பக்கத்துச் செலண்டார் கடைகளில் எந்த டின்னை வாங்கினாலும், கடைக்காரர் ஆணியால் மூடியில் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். முழு டின் என்றால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளிடம் போய்ச் சேர்ந்துவிடும், ஓட்டை போட்டால் ஒரே நாளில் கெட்டுப்போகும் என்று சர்க்காருக்கு யோசனை. மீன் டின் வாங்கி அன்றைக்கே தின்று தீர்க்கிறவனுக்கு அதனால் நட்டமில்லை. தங்கையாவுக்குத்தான் தலைவலி. அவர் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர்.

துரைசாணிக்கு உயிர் மெரேங் கேக். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரையாக அடித்து, வட்டம் வட்டமாக மொறுமொறுவென்று சுட்டு, நடுநடுவே கிரீமும் பழமும் வைத்து அடுக்க வேண்டும். போன தடவை ஓட்டை டின்னிலிருந்த கிரீம் லோரி ஆட்டத்தில் பாதி கொட்டி, வெயிலில் மீதி புளித்துப்போனது. விருந்தாளிகள் முன்னால் துரைசாணி முதல் வாயையே துப்பினாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மலாக்காவிலிருந்து ஹைலாம் சீனக் குக்கைக் கொண்டுவந்துவிடுவேன் என்றாள். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற வீடும் போகும். ஐம்பது வயதில் திரும்பவும் பால்மரம் வெட்டவா போக முடியும்?

சனிக்கிழமை தேநீருக்குப் புதிய போலீஸ் துரை வருகிறார் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமையே தங்கையா எட்டு முட்டை உடைத்தார். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது. தோள்பட்டை கழன்று போகும்வரை அடித்தார். அடுப்புத் தணலைப் பாதிக்குமேல் வாரி வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சிய சூட்டில் மூன்று வட்டங்களையும் அரை நாள் காயவைத்தார். நல்லவேளை, மழை இல்லை. மழை பெய்தால் அந்தப் பாழாய்ப்போன சீனி கசிந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். இனி கிரீம் மட்டும் சரியாக வந்துவிட்டால் பிழைத்தார்.

சனிக்கிழமை காலை முதல் லோரியில் செலண்டாருக்குப் போனார். அங்கே கடை வைத்திருந்த பிச்சைமுத்து, அவர் மனைவி ராமாத்தாளின் அண்ணன்.

"மச்சான், இந்த ஒரு டின்னுக்கு ஓட்ட போடாதீங்க."

"வெளயாடாதீங்க லா மாப்ள. புடிச்சா நேரா உள்ளதான்."

"தொரை பங்களாவுக்குப் போற டின்ன யாரு புடிப்பா? இந்தா சீட்டு, தொரசாணி கையெழுத்து. இந்தத் தடவையும் கெட்டுப்போனா ஒங்க தங்கச்சி தெருவுலதான் நிப்பா."

பிச்சைமுத்து தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிற மனுஷன். ஆனாலும் தங்கச்சி என்றதும் ஆணியைக் கீழே வைத்துவிட்டார். டின்னைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

தோட்டத்து கேட்டில் காளிதாஸ் நின்றான். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து வளர்ந்த பையன், இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தாளைப் பிரித்து டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்தக் கடை மாமா, ஓட்ட போடாமக் குடுக்குறது?"

தங்கையாவின் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "செலண்டார் பிச்சைமுத்து கடை. நம்ம மச்சான்தானே!" என்றார், பெருமையாக. காளிதாஸ் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். துரைசாணியின் சீட்டைப் பார்த்துவிட்டு டின்னைத் திருப்பிக் கொடுத்தான். எழுதினால் எழுதட்டும், அவன் வேலை அது என்று தங்கையா நடந்தார்.

நாலு மணிக்குக் கேக் மேசைக்குப் போனது. ஐஸ்பெட்டியில் குளிர்ந்த கிரீம் கெட்டியாக நின்றது. மாம்பழமும் அன்னாசியும் துண்டு துண்டாக நடுவில் தெரிந்தன. தங்கையாவின் வாழ்நாளில் அப்படி ஒரு கேக் அமைந்ததில்லை. போலீஸ் துரை இரண்டு துண்டு தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, மத்தியானம் செலண்டாரில் ஒரு கடைக்காரனைப் பிடித்துவிட்டோம், முழு டின் விற்கிறான், இதுவரை எத்தனை காட்டுக்குப் போயிற்றோ என்று இங்கிலீஷில் சொன்னார். இருபது வருஷ பங்களா வேலையில் தங்கையாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

"கேட் நோட்டில் எழுதியிருக்கிற டின்னைக் கொண்டுவந்தது நீதானே? அவனாகத்தான் அப்படிக் கொடுத்தானா?" என்று போலீஸ் துரை அவரிடம் மலாயில் கேட்டார்.

ஒரு மூச்சு நேரம் தங்கையாவுக்கு வீடு ஞாபகம் வந்தது. அடுத்த மூச்சில் ராமாத்தாளின் முகம் வந்தது.

"நான்தான் கேட்டேன், துவான். அவர் முடியாது என்றார். நான்தான் கெஞ்சினேன். தப்பு என்னுடையது. என்னைக் கொண்டுபோங்கள்" என்று மலாயிலேயே சொன்னார். அந்த அறையில் அவர் அத்தனை வார்த்தை பேசியதே இல்லை.

துரைசாணி சிரித்துவிட்டாள். அந்தக் கடைக்காரன் இவன் மனைவியின் அண்ணன், சொந்தக்காரனுக்காக இந்த ஆட்கள் என்ன பொய்யும் சொல்வார்கள், இப்படி ஒரு குக்கை என்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள் என்றாள். சீட்டில் இருந்த கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பாவி. தோட்டத்துத் துரை தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் துரையும் சிரித்தார், தட்டை நீட்டினார். தங்கையா மூன்றாவது துண்டை எடுத்து வைத்தார். அதற்குள் யாரோ பந்தயக் குதிரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊரடங்குக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். ராமாத்தாள் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணி பெரியநாயகி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"வெசாரணையே கெடையாதாம். ரெண்டு வருஷம் உள்ள வச்சிட்டு, அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்களாம்" என்றாள் ராமாத்தாள். "ஓட்ட போடாமக் குடுங்கன்னு கேட்டது நீங்கதானே?"

"ஆமா."

"அத போலீஸ் தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் புள்ள. மாரியாத்தா மேல சத்தியமா, எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

ராமாத்தாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க இங்க வந்து நிக்க மாட்டீங்க."