கடல் உள்வாங்கும் நேரம்

என் தம்பி வெளிநாட்டிலிருந்து வரப்போகிறான் என்றதும் எனக்குத் தூக்கம் போனது. கூடப்பிறந்த தம்பி வருவதற்கு எந்த அண்ணனாவது பயப்படுவானா? நான் பயந்தேன். ஏனென்றால் தொலைபேசியில் அவனிடம் நான் ஒரு பறவை நிபுணன்.

அம்மா போன பிறகு எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி, வச்சிடட்டுமா" என்று சுருங்கிவிட்டது. ஒருநாள் அப்படி வைக்கப்போகும் சமயத்தில், ஜன்னலில் ஏதோ பறவை வந்து உட்கார்ந்திருக்கிறது என்றான். பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று, என்ன நிறம், வால் நீளமா என்று கேட்டுவைத்தேன். அன்று அரை மணி நேரம் பேசினோம். அதிலிருந்து வாராவாரம் பறவைதான். அவன் ஒன்று சொன்னால் நான் இரண்டை அள்ளிவிடுவேன். எங்கள் மொட்டைமாடியில் நான் பார்த்ததாகச் சொன்ன பறவைகளெல்லாம் நிஜமாக வந்திருந்தால் துணி காயப்போட இடம் இருந்திருக்காது.

இப்போது வருகிறவனுக்கு, இலையுதிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைக் கடற்கரையில் பார்க்க வேண்டுமாம். எல்லாவற்றையும் நானே பிளான் பண்ண வேண்டுமாம். சாயம் வெளுத்துவிட்டால் பழையபடி சாப்பிட்டியாவுக்கே திரும்பிவிடுவோம். மானம் போவதைவிட அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது.

பஸ் டிப்போவில் டிரைவர், கண்டக்டர்களுக்கு டியூட்டி போடுவது என் வேலை. தெரிந்த வித்தை அது ஒன்றுதான் என்பதால் பறவைகளுக்கும் டியூட்டி போட்டேன். ஆறு மணிக்குக் கொக்கு, ஆறரைக்கு உள்ளான், அதற்கு மேல் மாற்றாள் வரும் ரிலீவர். புத்தகம் ஒன்று வாங்கினேன். பிரித்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சேற்றில் மேயும் அந்த உள்ளான்களே ஒரு பக்கம் நிறைய நின்றன. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே மூக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் கண்டக்டர்களும் அப்படித்தான்.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு என் மூளையை நம்பினேன். கடல் உள்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். தண்ணீர் குறைந்தால் சேறு அதிகம், சேறு அதிகமானால் இரை அதிகம், அப்புறம் பறவைக்கா பஞ்சம்? இதை மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, பேசாமல் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னாள். சொல்லியிருக்கலாம். எனக்கு வாய்தான் உண்டு, தைரியம் கிடையாது.

தம்பி வந்ததும் இரண்டு பேரும் கடற்கரையில் போய் இறங்கினோம். திட்டப்படியே கடல் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை சேறு. பறவைகளும் இல்லாமல் இல்லை. சேற்றின் அந்தக் கோடியில், தண்ணீர் ஓரமாக, மிளகைச் சிந்தின மாதிரி கிடந்தன. புதுத் தொலைநோக்கியை மூக்குக்கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். என் இமைமயிர் பிரமாதமாகத் தெரிந்தது.

"உள்ளான்," என்றேன் கம்பீரமாக.

தம்பி தன் தொலைநோக்கியைத் தூக்கினான். "ஆமாண்ணா. மூக்கு நுனி லேசா வளைஞ்சிருக்கு பாரு. காலுகூடப் பச்சை."

இவ்வளவு தெரிகிறதா இவனுக்கு என்று அசந்துபோய்த் திரும்பினேன். அவன் தொலைநோக்கியின் முன்பக்கத்து மூடிகள் இரண்டும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன.

"டேய், மூடியைக் கழட்டுடா," என்றேன்.

இறக்கிப் பார்த்தான். முகத்தில் அசடு வழிந்தது. வாங்கியதிலிருந்து இருட்டாகத்தான் இருந்ததாம், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

"பறவைன்னாதான் நீ போனை வைக்காம பேசின. அதான் நெட்ல பார்த்துப் பார்த்துச் சொல்லிட்டிருந்தேன்," என்றான்.

நான் என் தொலைநோக்கியைக் கழற்றிக் கீழே வைத்தேன். "நம்ம மாடிக்குக் காக்கா மட்டும்தான்டா வருது," என்றேன். "அதையாவது எனக்கு அடையாளம் தெரியுமான்னு உங்க அண்ணிக்குச் சந்தேகம்."

அவன் சிரித்த சிரிப்பில் தூரத்து மிளகெல்லாம் பறந்தது. கரைச்சுவரில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தோம். அம்மாவைப் பற்றிப் பேசினோம். அதுவரை போனில் ஒருநாளும் பேசாததெல்லாம் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் கடல் ஏறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. சேறு சுருங்கச் சுருங்க, பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு ஒதுங்கின. தொலைநோக்கியே தேவைப்படாத தூரத்துக்கு வந்துவிட்டன. பறவை பார்க்க இதுதான் சரியான நேரம். என் டியூட்டித் தாளில் இந்த நேரத்துக்கு 'வீடு திரும்புதல்' என்று போட்டிருந்தேன்.

ஒன்று எங்கள் காலடிக்கு அருகிலேயே வந்து சேற்றைக் கிளறியது.

"இது என்ன பறவைண்ணா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

"தெரியலைடா," என்றேன். "நீ ஊருக்குப் போனதும் கண்டுபிடிச்சு போன்ல சொல்றேன்."