நாற்பத்தோராம் ரோல்

வெட்டு மேசையில் பாதி விரிந்து கிடந்த சவ்வு ரோலின் எண்ணைப் பார்த்ததும், ரோல்களைச் சூட்டடுப்பில் வேக வைக்கிற அடுப்புக்காரி அப்படியே நின்றுவிட்டாள். 41. நாலுக்கு வால் நீட்டி எழுதுகிற கை அந்தத் தொழிற்சாலையில் அவளுடையது ஒன்றுதான். தீர்ந்துபோன ரோல் என்றுதான் பதினாலு மாதமாகத் தன்னை நம்ப வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி பொண்டாட்டி.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"கிடங்குல தூங்கிட்டிருந்துச்சாம். கெமிக்கல் தொட்டி கழுவுறவங்களுக்கு ஆறு பாதுகாப்பு உடுப்பு அவசரமா வேணுமாம். மத்தியானத்துக்குள்ள வெட்டிக் குடுக்கணும்." கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு நல்லாத் தச்சுக் குடுத்தாலும் என்ன, போடுறவனுக்குப் பதனம் வேணும். உங்க தம்பிக்கு அது எங்க இருந்துச்சு?"

செத்த புருஷனை அவள் தினமும் திட்டுவாள். தலை வாரும்போது, பாத்திரம் கழுவும்போது, பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடும்போது. எங்கேயோ ஆணியில் மாட்டிக் கிழித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டான் என்றுதான் விசாரணைக் காகிதத்தில் எழுதியிருந்தது. அணிந்தவரின் கவனக்குறைவு. அந்தச் சொல்லை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அடுத்த அறையில் படுத்தபடி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் அடுப்புக்காரி. ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பாலியூரித்தேன் சவ்வு என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். பால் மேல் படிகிற ஆடை மாதிரி மெல்லிசாக இருப்பதால் இவர்களுக்கு அது வெறும் ஏடு. ஆய்வுக்கூடத்து சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் ஒருநாள் அடுப்பு வாசலில் குளிர் காய்ந்தபடி அதன் சூட்சுமத்தைச் சொன்னான். "இதோட சங்கிலியில கெட்டித்துண்டும் மெத்துத்துண்டும் மாறி மாறிக் கோத்திருக்கும்க்கா. மெத்து இருக்கிறதாலதான் இழுத்தா நீளுது, வேர்வை ஆவி வெளிய போகுது. கெட்டி எல்லாம் ஒன்னோட ஒன்னு கூடி அங்கங்க முடிச்சா உக்காரணும். அந்த முடிச்சுதான் திரும்ப இழுத்துக்கும், கெமிக்கலுக்கும் தாங்கும். கூடுறதுக்குச் சூடும் வேணும், நேரமும் வேணும். அவசரப்பட்டு எடுத்தீங்க, கெட்டி மெத்துக்குள்ளயே கரைஞ்சு கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. தொட்டிச் சூட்டுல ஊதிப்போய் வழிவிட்டுடும்."

"பங்காளிங்கள ஒரே பந்தியில உக்கார வைக்கிற மாதிரின்னு சொல்லு. பதினாறு மணி நேரம் ஆகத்தான் செய்யும்" என்று சிரித்தவள்தான் அவள்.

அதற்கு அடுத்த மாதம்தான் தம்பி அடுப்பு வாசலில் வந்து நின்றான். கையில் கிழிந்த உடுப்பு. "அக்கா, இதைப் பாரு. நாளைக்குப் புதுசு வரலைன்னா இதையே மாட்டி என்னைத் தொட்டிக்குள்ள எறக்கிடுவானுங்க. என்னத்தை வேக வைக்கிறே, கல்லையா?"

அடுப்பில் வைத்த பதினோராவது மணி நேரத்திலேயே நாற்பத்தோராம் ரோலை வெளியே இழுத்தாள். கைக்குச் சூடாக, பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ரோலின் நுனியில் வெட்டிய சோதனைப் பட்டி மட்டும் அடுப்புக்குள் பின்சுவர்க் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாள். அடுத்த ஷிப்டுக்காரன் பதினாறு மணி முடிந்ததும் அதை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தான். பட்டி தேறிவிட்டது. பட்டி தேறினால் ரோல் தேறியது. நல்லவேளை தப்பித்தோம் என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். தம்பியும் ஒரே வாரத்தில் புது உடுப்பு மாட்டிக்கொண்டு, "அக்கா கைப்பக்குவம்" என்று எல்லோரிடமும் காட்டினான். மூன்றாம் நாள் தொட்டிக்குள் அதன் அக்குள் விட்டுப்போனது.

அன்றிலிருந்து அடுப்பு விசிறி ஓடத் தொடங்கியதும், உருளைகளுக்கு நடுவே ஏடு ஒருமுறை உப்பி அடங்கும்போது, யாரோ மூச்சை இழுத்து விடுவது அவளுக்குக் கேட்கும். பிறகு, வேக வேகமாக, பக்கத்திலிருந்து: அக்கா, வெந்துடுச்சா? பதினாறுக்குப் பதில் பதினெட்டு மணி நேரம் வைத்தாள். சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். கேள்வி நிற்கவில்லை.

பதினாலு மாதம் கிடந்திருக்கிறது, தானாகவே கூடியிருக்காதா என்று ஒரு நப்பாசை. ரோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

தம்பி பொண்டாட்டி உடுப்பின் அளவு அட்டையை ஏட்டின் மேல் வைத்துக் கத்தியை எடுத்தாள்.

"அதை வெட்டாத."

"ஏன் அண்ணி?"

அவளிடமிருந்து கத்தியை வாங்கி, ரோலின் ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டி அறுத்தாள். மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து இன்னொரு பட்டியை எடுத்தாள். அன்றைய சோதனையில் மிஞ்சிய துண்டு. அதிலும் வால் நீட்டிய நாலு.

"ரெண்டையும் இழுத்துப் பாரு."

"வேலை நேரத்துல என்ன விளையாட்டு இது?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். பையிலிருந்து வந்த துண்டை இழுத்து விட்டாள். சடக்கென்று பழைய அளவுக்கே திரும்பி விரலில் அடித்தது. "ஸ்ஸ்" என்று கையை உதறிவிட்டு மற்றதை இழுத்தாள். அது நீண்டது. இன்னும் நீண்டது. சிரிப்பு நின்றது.

"ரெண்டும் நாப்பத்தொன்னா?"

"நாப்பத்தொன்னுதான். உன் கையில அடிச்சது பதினாறு மணி நேரம் வெந்தது. இது பதினொன்னு. முன்னாடியே எடுத்தது நான். அவன் எதுலயும் மாட்டிக் கிழிக்கல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

வெட்டுப் பிரிவின் கடைசியில் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு உடுப்புக்கான அளவு அட்டைகள் மேசை மேல் அடுக்கியபடி இருந்தன. தம்பி பொண்டாட்டி இழுத்த கைகளை மெல்ல மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று கொண்டுவந்தாள், பட்டிக்குத் திரும்பிச் சுருங்க நேரம் கொடுக்கிறவள் மாதிரி. இரண்டு முஷ்டிகளும் நெஞ்சுக்கு நேரே வந்து முட்டிக்கொண்டன. நடுவில் அந்தப் பட்டி, நீண்டது நீண்டபடியே, தொட்டில் துணி போலத் தொய்ந்து தொங்கியது.