பட்டன் மட்டும்தான் கெட்டிருந்தது

மெட்டல் டிடெக்டரைப் பழுதுபார்த்துக் கொடுத்த வாரத்தில், அதில் சேமித்து வைத்திருந்த செட்டிங் அத்தனையும் பழுதுபார்த்தவரின் தொண்டைக்குள் போய்விட்டன. கருவியில் ஒன்றும் மிச்சமில்லை. கடற்கரையில் மற்றவர்கள் தொலைத்ததைத் தேடிக் கொடுத்துப் பிழைப்பவர் அதை மணல்மேல் நீட்டியதுதான் தாமதம், சோடா மூடிக்கும் அலறியது, துருப்பிடித்த ஆணிக்கும் அலறியது. எது குப்பை, எது பொன் என்று வருடக்கணக்காய் வெயிலில் நின்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார் மனிதர். கெட்டிருந்தது என்னவோ ஒரே ஒரு பட்டன்.

கடைக்கு ஓடினார். கடைக்காரரை எல்லோரும் 'சரியாயிடும்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் உள்ளே சேமித்திருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்குரூவிலேயே கை வைப்பார். அது அவர் தொழில் சுத்தம்.

"பட்டனை மாத்தச் சொன்னா மூளையைக் கழட்டிட்டீங்களேய்யா!"

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் கொடுத்திருக்கேன். அதுக்கும் திட்டா?"

வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் போனால் போகட்டும், நான்காம் செட்டிங்கை மட்டும் திரும்பப் போட வழியே கிடையாது. அக்காவின் கல்யாண மோதிரம் அந்த மணலில்தான் நழுவியது. அதன் ஜோடியை, அத்தான் விரலில் இருந்ததை, காட்டித்தான் கருவியைப் பழக்கினார். அதற்கென்று மென்மையாக இழுக்கும் ஓர் ஓசை. பிறகு அத்தான் இறந்தார். வீங்கிய விரலிலிருந்து கழற்ற முடியாமல் அந்த மோதிரமும் அவரோடு போயிற்று. அன்றிலிருந்து அக்கா தினமும் கேட்பது ஒன்றுதான்: "கிடைச்சுதாடா?" செட்டிங்கை எங்கேயாவது குறித்து வைத்தாரா என்றால், அதுவும் இல்லை. போட்டிக்காரன் பார்த்துவிடுவானாம்!

வந்த ஆத்திரத்தில் சாவிக்கொத்தை மேஜையில் வீசினார். மூடிய வாயோடு சரியாயிடும் அந்தக் கருவி மாதிரியே தடித்த குரலில் ஒலித்தார். சோடா மூடியை நீட்டினால் மௌனம், பித்தளைக்கு விக்கல். எல்லாம் இவர் கருவிக்குச் சொல்லிக் கொடுத்தபடியே. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, சளி இல்லை என்று அனுப்பிவிட்டார்.

மழைக்காலம் முழுக்க இருவரும் கடற்கரையில் நடந்தார்கள். சரியாயிடும் சும்மா நடக்கிற ஆளா? முட்டி வலி என்பார், கடையில் மிக்ஸி கிடக்கிறது என்பார், குனியச் சொன்னால் முறைப்பார். "அந்த மிஷின் வாய் பேசாது. இருந்த ஒரு நிம்மதியும் போச்சு" என்று இவர் புலம்பினார். ஒருநாள் காலை, உடைந்த படகுக்குப் பக்கத்தில், முட்டி வலியைப் பற்றிய பேச்சின் நடுவிலேயே அவர் தொண்டையிலிருந்து அந்த மென்மையான ஓசை கிளம்பியது. தம்பி இரண்டு கையாலும் தோண்டினார்.

மோதிரம் அக்காவுக்குத் தொளதொளவென்று இருந்தது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லக் கடைக்குப் போனவளைக் கண்டதும் சரியாயிடும் ஒலித்தார். அக்கா படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது... அவர் மோதிரத்தைக் காட்டிப் பழக்கின சத்தம்தானே?"

"அதேதான்க்கா" என்றார் கூட வந்த தம்பி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. கடைக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. "பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காராம்மா. காட்டினா ஒரே நாள்ல சரியாயிடும்."

"ஐயோ, வேண்டாம்! இதை மட்டும் ரிப்பேர் பண்ணிடாதீங்க."

அவர் பண்ணிக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை அக்கா எரிகிற டார்ச்சை எரியவில்லை என்று எடுத்துக்கொண்டு போகிறாள். அவர் ஒலித்துக்கொண்டே மிக்ஸியைக் கழற்றுகிறார். வாசலில் நிற்கும் தம்பி, "போலாமாக்கா?" என்று அலுத்துக்கொள்கிறார்.

"இருடா, இப்பதானே வந்தோம்" என்கிறாள் அக்கா.