சங்கரபாண்டியனுக்கு எட்டுச்செலவு

சங்கரபாண்டியன் செத்த அன்று மார்க்கண்டு சாப்பிடவில்லை. மனைவி சிவகௌரி புட்டும் விளைமீன் குழம்பும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"மச்சத்தை அங்காலை எடும். மனுசன் செத்துக் கிடக்கேக்கை மீன் கேக்குதே உமக்கு?"

"ஆர் செத்தது?"

"பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்!"

அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். செத்தவர் தொலைக்காட்சியில் ஏழரை மணிக்கு வரும் சென்னை நாடகத்தின் மூத்த அண்ணன். நாலு வருடமாகக் கிழமையில் ஆறு நாளும் தம்பிக்காகத் தியாகம் செய்துகொண்டிருந்தவர். அன்று தம்பிக்கு விழ வேண்டிய வெட்டைத் தான் வாங்கிக்கொண்டு, தம்பியின் மடியில் சரிந்து, சாவதற்கு மூன்று விளம்பர இடைவேளை எடுத்துக்கொண்டார். கடைசி இடைவேளைக்குப் பிறகும் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. சிவகௌரி முப்பத்திரண்டு வருடம் மருத்துவிச்சியாகச் சைக்கிளில் நீர்வேலி ஊரைச் சுற்றியவள். பிறப்பைப் போலவே சாவையும் வீடு வீடாகக் கண்டவள். உண்மையாகச் சாகிறவர்கள் அவ்வளவு கதைப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மார்க்கண்டுவின் இரண்டு நாள் தாடிக்குள்ளால் கண்ணீர் இறங்கியது. அறுபத்தைந்து வயது மனிதன். பெற்ற தாய் செத்த அன்று பந்தல்காரனோடு தகரம் காணாதென்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றவர், ஒரு சொட்டு விடவில்லை. இப்போது உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அப்பாலும் அதே நாடகத்தின் சோகப் பாட்டு கேட்டது. பாட்டு முடிந்ததும் ஒருவர் பெரிதாக மூக்கைச் சிந்தினார். மார்க்கண்டுவின் தமையன் தம்பிஐயா.

இந்த இரண்டு பேரும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பங்குக் கிணறு, ஆளுக்கு ஒருநாள் இறைப்பு முறை. மார்க்கண்டுவின் முறையன்று விடிந்த பிறகும் தம்பிஐயாவின் மோட்டர் அரைமணித்தியாலம் ஓடிவிட்டது. அவ்வளவுதான். அந்த அரைமணித்தியாலத் தண்ணீருக்காக வாழைத்தோட்டத்துக்குள் மண்வெட்டி தூக்கினார்கள். பிறகு இடையில் கதியால் தடி நட்டு, தகரம் அடித்து, வேலியை ஆளுயரத்துக்கு உயர்த்தினார்கள். மகள் ஆரணியின் கலியாணத்துக்கு மார்க்கண்டு தமையனுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முதல் தம்பிஐயாவுக்கு நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தபோது ஊரே பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மார்க்கண்டு போகவில்லை. சிவகௌரி வெளிக்கிட்டு நின்றபோது, "போறதெண்டால் அங்கையே இரும்," என்றார். அவள் சீலையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வரும்.

மறுநாள் காலை அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கண்டு மோட்டரைப் போட வந்தார். அந்தப் பக்கத்தால் தம்பிஐயா வாளியோடு வந்தார். வழமையில் ஒருவர் தலை கண்டால் மற்றவர் திரும்பிவிடுவார். அன்று இரண்டு பேரும் நின்றார்கள். இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது.

"பாத்தனியே?" என்றார் தம்பிஐயா.

பதினொரு வருடத்தில் முதல் சொல் அது. சிவகௌரியின் கை சவர்க்காரத்தோடு அப்படியே நின்றது.

"பாத்தனான் அண்ணை," என்றார் மார்க்கண்டு. குரல் உடைந்தது. "என்ன மாதிரி மனுசன்!"

"தம்பிக்காக உயிரைக் குடுத்திட்டான் பார்."

"ஓமண்ணை. தமையன் எண்டால் அப்பிடியெல்லோ இருக்கோணும்."

"ஓம், ஓம். உந்தக் காலத்திலை ஆர் இருக்கினம் அப்பிடி?"

இதைச் சொல்ல ஒருவருக்கும் கூசவில்லை. கேட்கவும் கூசவில்லை. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து ஒருமணித்தியாலம் கதைத்தார்கள். வெட்டினவன் யார் ஏவிவிட்ட ஆள், தம்பி இனி என்ன செய்வான், சொத்து யார் கைக்குப் போகும். ஆரணிக்கு எத்தனை பிள்ளைகள் என்று தம்பிஐயா கேட்கவில்லை. நெஞ்சுத் தையல் ஆறிவிட்டதா என்று மார்க்கண்டு கேட்கவில்லை. தம்பிஐயாவின் திறந்த மேலில் அந்தத் தழும்பு கழுத்தடியிலிருந்து நேராக இறங்கியிருந்தது. மார்க்கண்டு அதைப் பார்த்துக்கொண்டேதான் சங்கரபாண்டியனுக்கு எங்கே வெட்டு விழுந்தது என்று விளங்கப்படுத்தினார்.

மூன்றாம் நாள் மார்க்கண்டு கத்தியோடு போய் வேலியில் இரண்டு தகரத்தைக் கழற்றி, ஆள் குனிந்து வரக்கூடிய ஒரு பொட்டு வைத்தார். ஆரணி அனுப்பிய பெரிய தொலைக்காட்சி இந்த வீட்டில்தான் இருந்தது. ஏழரைக்குத் தம்பிஐயா வந்து கதிரையில் இருந்தார். பின்னால் அவர் மனைவி குணலட்சுமியும் தயங்கித் தயங்கி வந்தாள்.

குலை விற்கிற சந்தையிலும் இதே கதைதான் என்று மார்க்கண்டு பெருமையாகச் சொன்னார். வாழைக்குலையை எண்ணும்போதே தொண்டையைச் செருமுகிறார்களாம். சண்டைக் காலத்தில் பிணங்களைத் தாண்டி ஓடிவந்த ஆண்கள். சென்னையில் ஒருவன் முகத்தில் சிவப்பு மை பூசிப் படுத்ததற்குச் சந்தையில் நின்று அழுகிறார்கள்.

ஆறாம் நாள் தம்பிஐயா சந்தியிலுள்ள அச்சகத்தில் சங்கரபாண்டியனின் படத்தைப் பெரிதாக்கி, "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டுக் கொண்டுவந்தார். மார்க்கண்டு மாலை வாங்கி வந்தார்.

"நாளையிண்டைக்கு எட்டு," என்றார் மனைவியிடம். "அவருக்கு விருப்பமான சாமான் கொஞ்சம் சமைச்சுப் படைப்பம். உழுந்து வடை."

எட்டுச்செலவு என்பது செத்தவருக்கு எட்டாம் நாள் விரும்பிய உணவைப் படைப்பது. சிவகௌரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அந்தாள் சென்னையிலை சுகமாய் இருந்து தானே வடை தின்னும். நான் ஒரு உழுந்தும் ஊறப்போடன்."

"உமக்கு மனமெண்டது இல்லை."

"ஓம். எனக்குத்தான் இல்லை."

கடைசியில் குணலட்சுமிதான் வடை சுட்டாள். இளகிய மனம், மறுக்கத் தெரியாது. ஆண்கள் இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பலகையில்.

"அக்கா," என்றாள் சிவகௌரி, "அவருக்கு இப்ப நெஞ்சு எப்பிடி?"

குணலட்சுமி வடைத் தாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படியேறினால் இளைக்குது. தோட்டத்திலை முந்தின மாதிரி ஏலாது. ஆசுப்பத்திரியிலை மயக்கம் தெளிஞ்ச உடனை, தம்பி வந்தவனோ எண்டுதான் கேட்டவர். வந்திட்டுப் போனவன் எண்டு நான் பொய் சொன்னன்."

சிவகௌரி விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"அவர் வராட்டிலும் பரவாயில்லை. நீ வராததுதான் எனக்கு... கதவடியிலை ஆர் நிண்டாலும் நீயெண்டு பாத்தன்."

வாசலில் மார்க்கண்டு சங்கரபாண்டியனின் பெருமையைச் சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிவகௌரி குணலட்சுமியின் கையைப் பிடித்தாள். மாவும் எண்ணெயுமாக இருந்த அந்தக் கையை நெடுநேரம் விடவில்லை. அன்றிலிருந்து ஏழரை மணிக்கு ஆண்கள் தொலைக்காட்சிக்கு முன்னாலும் பெண்கள் அடுப்படியிலுமாக இருந்தார்கள்.

ஆறு கிழமை இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை முன்கூடத்தில் பெரிய சத்தம் கேட்டது. நாடகத்தில் சங்கரபாண்டியன் உயிரோடு திரும்பி வந்துவிட்டார். ஆனால் முகம் வேறு, குரல் வேறு, ஆளும் ஒரு முழம் கட்டை. வெட்டுப்பட்ட முகத்துக்கு வைத்தியர் புது முகம் வைத்ததாகக் கதையில் சொன்னார்கள். பழைய நடிகர் சினிமாவுக்குப் போய்விட்டார் என்று ஆரணி முதல் நாளே தொலைபேசியில் சொல்லிச் சிரித்திருந்தாள்.

"அண்ணை, அவர்தான்! தம்பியின்ரை நெத்தியைத் தடவின விதத்தைப் பாருங்கோ," என்று மார்க்கண்டு துள்ளினார்.

"உவன் கள்ளனடா," என்றார் தம்பிஐயா. "சொத்துக்காக வேசம் போட்டுக்கொண்டு வந்தவன். செத்தவன் செத்தவன்தான். நாங்கள் எட்டுச் செய்தனாங்களெல்லோ?"

"அதுக்கு? எட்டுச் செய்தால் மனுசன் உயிரோடை வரக்கூடாதே?"

"உனக்கு எப்பவும் கள்ளன்ரை பக்கம்தான் நியாயம்."

"ஆர் கள்ளன்? ஆர்ரை முறையிலை ஆர் தண்ணி இறைச்சது?"

அந்த இடத்தில் நாடகம் முடிந்து கிணறு தொடங்கியது. அரைமணித்தியாலமா இருபது நிமிடமா என்று கத்தினார்கள். தம்பிஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். குணலட்சுமி ஓடிவந்து கையைத் தாங்கி, பொட்டுக்குள்ளால் குனியவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் தொங்கிய கண்ணீர் அஞ்சலிப் படத்தை மார்க்கண்டு இழுத்துக் கிழித்தார். உயிரோடிருக்கிறவருக்கு அது கூடாதாம்.

அடுத்த நாள் விடிய, கதியாலும் முள்ளுக்கம்பியுமாக அவர் வேலியடியில் நின்றார். சிவகௌரி போய் அந்தப் பொட்டின் நடுவில் நின்றாள்.

"தள்ளும். அடைக்கோணும்."

"அடையுங்கோ. நான் றோட்டாலை போவன். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, சனமெல்லாம் பாக்கத்தக்கதாய் அவையின்ரை படலையாலை போவன். எங்கை போறாய் எண்டு கேட்டால், ஏன் வேலி அடைச்சதெண்டும் சொல்லுவன். நாடகத்திலை ஒருத்தன்ரை மூஞ்சை மாறினதாலை எண்டு."

மார்க்கண்டுவின் முகம் கறுத்தது.

"தம்பியெண்டும் பாக்காமல் அண்ணை என்னைக் கள்ளன்ரை பக்கமெண்டு..."

"அந்த அண்ணைக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கு. மயக்கம் தெளிஞ்ச உடனை கேட்டது உங்களைத்தான். தெரியுமே?"

அவர் முள்ளுக்கம்பியை இறக்கி வைத்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நாடகத்திலை காட்டேல்லை," என்றாள் சிவகௌரி. "காட்டியிருந்தால் அழுதிருப்பியள்."

கதியாலை நிலத்தில் போட்டுவிட்டு அவர் தோட்டத்துப் பக்கம் போனார். தமையனைப் பார்க்கப் போவாரென்று அவள் ஒரு கணம்கூட எதிர்பார்க்கவில்லை. அவரும் போகவில்லை.

பொட்டு அப்படியே இருக்கிறது. பெண்கள் இரண்டு பேர் மட்டும் குனிந்து போய் வருகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுக்குப் பஸ் ஏறி, சந்நிதி முருகனைக் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டு, ஆற்றங்கரைக் காற்றில் கதை முடியும்வரை இருந்துவிட்டு இருட்ட வருகிறார்கள். ஆண்கள் ஆளுக்கொரு வீட்டில், ஏழரை மணிக்கு, ஒருவர் சத்தத்தை மற்றவர் அமுக்குகிறமாதிரிக் கூட்டிவைத்துக்கொண்டு நாடகம் பார்க்கிறார்கள்.

போன வெள்ளி அவள் திரும்பி வந்து கால் கழுவும்போது மார்க்கண்டு வாசலுக்கு வந்தார். எதையோ கேட்க நாலைந்து தரம் வாயெடுத்தார். சிவகௌரி செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்துநின்றாள்.

"அங்கை... அண்ணை இப்பவும் சங்கரபாண்டியனைக் கள்ளனெண்டுதான் சொல்லுறாரோ?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"சோறு மூடிக் கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.