ஸல்ஹாவின் மகள் தரைக்கு இறங்கியது

இறக்கக்கண்டியில் போன வருடம் ஜூன் மாதம் பிறந்த ஸல்ஹாவின் மகள், ஐந்தாம் நாள் காலை பாயிலிருந்து எழும்பி, கூரைத் தகரத்தில் முதுகு முட்டும்வரை போய் நின்றாள். இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவள். பால் போதாதென்று வீட்டார் சீனித்தண்ணி பருக்கியதில் இருந்த எடையும் போய்விட்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் வேறு. கதவைத் திறந்தால் காற்று நேரே கடலுக்குத்தான் கொண்டுபோகும். தகப்பன் இன்ஷாப் மீன்பிடிகாரன். வலையிலிருந்த ஈயக்குண்டுகளை அவிழ்த்து, பிள்ளையைச் சுற்றிய துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டான். பிள்ளை கீழே கிடந்தது, அவனும் நிம்மதியாகச் சாப்பிட்டான். விசரன் என்று ஏசாதீர்கள். மிதக்கிற எதற்கும் கரையோரத்து ஆட்கள் அதைத்தான் செய்வார்கள்.

அன்று பகல், வீடு வீடாகத் தாய், பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது தயாளினி ஸ்கூட்டியில் வந்தார். துணியோடு தராசில் தொங்கவிட்டால் மூன்றரைக் கிலோ! "அஞ்சு நாளில இவ்வளவோ? பாலோ குடுக்கிறீங்கள், சூரை மீனோ?" என்று சிரித்தபடி துணியை அவிழ்த்தார். பிள்ளை கையைவிட்டு மேலே போனது. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனாலும் முதலில் ஜன்னலைச் சாத்தினார், பிறகு கதிரையில் ஏறிக் காலைப் பிடித்து இறக்கினார், அதற்குப் பிறகுதான் இன்ஷாபுக்கு ஏச்சு. ஈயம் பிள்ளைக்கு நஞ்சு என்று தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"என்ட புள்ள கடலுக்குப் போயிடுமா மிஸ்?" என்று ஸல்ஹா அழுதாள்.

"உங்கட நெஞ்சோட கிடந்தா எங்கையும் போகாது தங்கச்சி."

அப்படியே நெஞ்சோடு கட்டி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்த டொக்டர், நோய் ஒன்றுமில்லை, தாய்ப்பாலும் தாயின் சூடும் போதும் என்று அனுப்பினார். சீனித்தண்ணிப் போத்தலைத் தயாளினியே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை தாயின் மேலோடு மேலாக, உடம்பில் ஒட்டிக் கிடந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் குடித்தது. தராசு முள் அசையாததால், அவர் நாள்தோறும் வந்து கட்டை அவிழ்த்து, பிள்ளை எவ்வளவு உயரம் போகிறதென்று நாடாவால் அளந்து கார்ட்டில் எழுதினார். முதல் வாரம் கூரை, அடுத்த வாரம் அலுமாரி, பிறகு கதிரை. கார்ட்டைப் பார்த்த மேலதிகாரி, இறங்குவது நல்லதுதானே என்று கையெழுத்து வைத்தார்.

இருபத்தாறாம் நாள் கட்டை அவிழ்த்தபோது பிள்ளை மேலே எழும்பவில்லை. ஸல்ஹா நம்பாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே நின்றாள்.

"கனக்குது மிஸ்," என்றாள். "அல்லாவே, கை நோகுது!"

"நோகுதெண்டா கீழ வையுங்கோவன்."

பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை அவள் வைக்கவில்லை.