ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு

கான்ட்ராக்டருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, ஆற்றங்கரையில் அவர் கட்டிய அரசு ஆஸ்பத்திரி. இன்னொன்று, மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார். அவரிடம் சிக்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

வெள்ளம், புயல், நிலச்சரிவு வந்தால் எந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்று மகளின் அலுவலகம் கணக்கிட்டு வரைபடம் போடும். ஆபத்து குறைந்த ஊர் பச்சை, அதிகமென்றால் சிவப்பு. பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் அது ஊருக்குப் பலம் என்று ஆபத்தைக் குறைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆற்றை ஒட்டியிருந்தும் அவர்கள் ஊர் பச்சையானது அப்படித்தான். "நம்ம கட்டடத்தாலதான் ஊரே பச்சை" என்று கான்ட்ராக்டர் தம்பட்டம் அடிக்காத நாளில்லை.

வரைபடத்தைப் புதிதாகக் கணக்கிடும் வேலை இந்தத் தடவை மகள் கைக்கு வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் எங்க இருக்கு?"

"கீழ பேஸ்மென்ட்ல. ஆக்சிஜன் ரூமும் அங்கதான். சத்தம் மேல வராதுன்னு நான் சொல்லித்தான் பிளானையே மாத்தினாங்க."

அவள் கை தட்டிலேயே நின்றது. "ஆத்துல தண்ணி ஏறினா முதல்ல அங்கதான்பா வரும்."

"இதுவரைக்கும் வந்ததில்லையே."

"ஆஸ்பத்திரியே நேத்து கட்டினதுதானேப்பா."

கான்ட்ராக்டருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மகளே ஊரறியத் தன் மானத்தை வாங்கிவிடுவாளோ? 'இதை மட்டும் விட்டுடும்மா' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிவிட்டார்.

வரைபடத்தை வெளியிடும் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். திரையில் ஊர் சிவப்பாக விரிந்தது.

"போன தடவை பச்சைதானே?" என்றார் மாவட்ட அதிகாரி.

"ஆஸ்பத்திரியைப் பலம்னு சேத்திருந்தோம் சார். ஜெனரேட்டரும் ஆக்சிஜனும் பேஸ்மென்ட்ல இருக்கு. வெள்ளம் வந்தா முதல்ல கரண்ட் போறது அங்கதான். ஐசியூல இருக்கறவங்களைக் காப்பாத்த முடியாது. அதனால இந்தத் தடவை சேக்கல."

"ஜெனரேட்டரை பேஸ்மென்ட்ல வைக்கச் சொன்னது யாரு?"

"எங்கப்பா சார்."

அத்தனை தலையும் பின்னால் திரும்பியது. கான்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவமானம் வரும் என்று காத்திருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நின்றது. சுவரைத் தட்டிப் பார்த்தே அதன் உறுதியைச் சொல்லிவிடுபவர் அவர். மகளின் குரலில் எங்கேயும் விரிசல் இல்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டோமே என்று மனசு பொங்கியது.

எழுந்து நின்றார். "நான்தான் சார் சொன்னேன். தப்புதான். ரெண்டையும் மாடிக்கு ஏத்திக் கொடுக்கறதும் என் பொறுப்பு."

மகள் திரையை விட்டு அவரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. திரும்பி, திரையில் அடுத்த ஊருக்குப் போனாள்.

பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் அவர் காதோடு சொன்னார். "என்னங்க இது, அப்பான்னுகூடப் பாக்கல உங்க பொண்ணு."

கான்ட்ராக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்கல்ல? அப்பான்னுகூடப் பாக்கல."